நத்தை மேல் விழுந்த பழி

போன வாரம் கவிதா கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மடத்துத் தோட்டத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். படத்தில் ஒரு முட்டைகோஸ் இலை சல்லடையாகிக் கிடந்தது. பக்கத்து மண்ணில் பளபளவென்று ஒரு கோடு. கீழே எழுதியிருந்தாள்: "மாமா, நத்தைத் தொல்லை தாங்க முடியல. வீடியோல உப்புத் தூவச் சொல்றாங்க. தூவட்டுமா?"

எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் கூப்பிட்டே சொல்லிவிட்டேன்.

"உப்பு மட்டும் வேணாம்மா."

"ஏன் மாமா, சாகாதா?"

"நத்தை சாகும். அதோட நின்னாப் பரவாயில்லையே."

அவள் விடாமல் காரணம் கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். வைத்தபிறகு மனசு ஆறவில்லை. இந்தக் கதையை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் இப்போது இல்லை. இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் வலிக்கும், அது இருக்கட்டும்.

நான் கன்னிவாடிக்காரன். அடிவாரத்தில் எங்களுக்கு நத்தை என்றால் வாய்க்காலில் பொறுக்கி வந்து குழம்பு வைக்கிற சாமான். மூலத்துக்கு நல்லது என்பார்கள். அப்பா செத்த பிறகு பங்குச் சாமியாரின் சிபாரிசில் கொடைக்கானல் மடத்துக்கு வேலைக்கு வந்தேன். வயதான சிஸ்டர்கள் ஓய்வில் இருக்கும் இல்லம் அது. வந்த புதிதில் குளிரில் காது வலித்தது. கேரட் நாற்றைக் களை என்று நினைத்து ஒரு பாத்தியையே பிடுங்கிப் போட்டேன். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அழுதேன். மற்றபடி வேலை பழகிய காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாரும் பழகுவதுபோலப் பழகினேன்.

எழுத வேண்டியது சவரிமுத்து மேஸ்திரியைப் பற்றித்தான். தோட்டத்தில் எனக்கு மேலே இருந்தவர் அவர். கட்டை குட்டையான ஆள், தலையில் எப்போதும் ஒரு கம்பளிக் குல்லாய். அவர் ஒரு ஆளைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டுவதெல்லாம் நத்தையைத்தான். ஓடு உள்ள நத்தைக்கு 'வீட்டுக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார். ஓடு இல்லாத, கொழகொழவென்று கறுப்பாக ஊர்கிற நத்தைக்கு 'அம்மணக்காரன்'. சிஸ்டர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் 'வீடில்லாதவன்' என்பார். கொடைக்கானலில் செடியை அழிப்பதில் முக்கால் பங்கு இந்த அம்மணக்காரன்தான். முளை விட்ட நாற்றை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். காலையில் தேடினால் ஆள் இருக்காது, கோடுதான் இருக்கும்.

நான் ஒருமுறை சோம்பல்பட்டு, காலையில் ஊற்ற வேண்டிய தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றிவிட்டேன். மறுநாள் கீரைப் பாத்தியில் பாதியைக் காணோம். மேஸ்திரி என் பக்கத்தில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கல்லைப் புரட்டி, அடியில் சுருண்டு கிடந்த நத்தையிடம் பேச ஆரம்பித்தார்.

"வாங்க தொரை. லூர்து அய்யா ராத்திரி பந்தி போட்டாராக்கும்? எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, உக்காரச் சொன்னாராக்கும்? வயிறு ரொம்புச்சா? பாயசம் வைக்கலையோ?"

அதற்குப் பிறகு நான் சாயங்காலத்தில் தண்ணீர்க் குழாயைத் தொட்டதில்லை. யார் தப்புச் செய்தாலும் இதே முறைதான். மண்வெட்டியைக் கழுவாமல் வைத்தால்கூட நத்தைக்குத்தான் வசவு விழும். நத்தைக்குக் காது கிடையாது. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிடும். தப்புச் செய்தவன் தலை குனியாமல் திருந்த அது ஒரு வழி என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

நத்தைக்கு அவர் வைத்திருந்த வைத்தியமும் அப்படித்தான், சத்தமில்லாத வைத்தியம். பொழுது சாய்கிற நேரம் நனைத்த சாக்கைப் பாத்திகளுக்கு இடையே விரித்து வைப்பார். முட்டைகோஸின் முற்றின மேலிலைகளை அதன் அடியில் செருகுவார். ராத்திரி மேய்ந்த நத்தையெல்லாம் வெயிலுக்குப் பயந்து அதற்குள் வந்து ஒண்டிக்கொள்ளும். வெள்ளனே எழுந்து சாக்கைப் புரட்டிப் பொறுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மண்ணுக்குள் இறங்கிவிடும். பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். இளஞ்செடியைச் சுற்றி அடுப்புச் சாம்பலால் ஒரு வட்டம். சாம்பல் காய்ந்திருக்கிற வரைக்கும் அம்மணக்காரன் அதைத் தாண்ட மாட்டான். மழை பெய்தால் மறுபடி போட வேண்டும். கொடைக்கானலில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். ஆகவே சாம்பல் போடும் சோலி ஓய்ந்ததே இல்லை. கடையில் நத்தை மருந்து வந்த பிறகும் அவர் அதை வாங்க விடவில்லை. மடத்து நாய் தின்றுவிடும் என்பார். உப்பைச் சொன்னால், "மண்ணுக்கு ஆகாது" என்று ஒரே வார்த்தை.

இத்தனை மெனக்கெடலும் கீரைக்காகவும் கோஸுக்காகவும் என்று சிஸ்டர்கள் நினைத்திருந்தார்கள். மேஸ்திரியின் உயிர் இருந்தது வேறொரு பாத்தியில். சமையலறைக்குப் பின்னால், ஜன்னலுக்கு நேர் எதிரே, சின்னதாக ஒரு டேலியாப் பாத்தி. தட்டு அகலத்துக்குப் பூக்கிற வெள்ளை டேலியா, நடுவில் மட்டும் இளமஞ்சள். அவர் மனைவி அன்னம்மாள் மேல்மலையில் கிளாவரைப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி வரும்போது தாய்வீட்டுத் தோட்டத்திலிருந்து கிழங்கைச் சேலையில் முடிந்து கொண்டுவந்தாராம். நான் வேலைக்கு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. தாய்வீட்டார் நிலத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். அங்கே இப்போது காட்டேஜ் நிற்கிறது.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பாத்தியின் பூக்களை முழுவதும் அறுத்து அன்னம்மாளின் கல்லறையில் வைப்பார். அன்று ஒரு பூகூடப் பீடத்துக்கு வராது. மதர், அதாவது மடத்துத் தலைவி, ஒருமுறை விளையாட்டாகக் கேட்டார். "மேஸ்திரி, மாதாவுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

"மாதாவுக்கு ஊரே பூக்குடுக்குது மதர். அவளுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார் மேஸ்திரி. மதர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கிழங்கை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவும் மாட்டார். மற்றதில் எல்லாம் தாராளமான மனுசன், இதில் மட்டும் மகா கஞ்சன். ஒரு கிழங்கை எனக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை நினைத்து எத்தனையோ தடவை அவர் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

புஷ்பம் சமையலுக்கு வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அதற்கு முன் ஏரிப் பக்கம் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். டீயைத் 'தேத்தண்ணி' என்பார். நாங்கள் கேலி செய்தால், "தேத்தண்ணி வேணுமா, கேலி வேணுமா?" என்று குவளையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வந்த சில நாளிலேயே மேஸ்திரிக்கு அவரிடம் பிரியம் உண்டாகிவிட்டது. சாம்பலைக் கரி இல்லாமல் சலித்து, மூடி போட்ட டின்னில் எடுத்து வைத்திருப்பார் புஷ்பம். மேஸ்திரி பின்வாசலில் வந்து நின்று, "தாயி, சாம்பல்" என்றால் டின் வெளியே வரும். "தாயி, முட்டை ஓடு" என்றால் நொறுக்கின ஓடு வரும். எதற்கு என்று புஷ்பம் கேட்பதில்லை. நத்தைக்குத்தான் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருடம் ஆவணியில் நல்ல மழை. தோட்டத்துக் கொட்டகை ஒழுகியது. உர மூட்டைகளைச் சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக்கு மாற்றினோம். மேஸ்திரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு மதுரை போகச் சொல்லி மதர் நச்சரித்துக்கொண்டிருந்தார். "கல்லறைத் திருநாள் முடியட்டும்" என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். டேலியா மொக்கு வைக்கிற சமயம். அந்த நேரத்தில்தான் அக்காள் மகள் கல்யாணத்துக்கு நான் கன்னிவாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது முதலில் பார்த்தது அந்தப் பாத்தியைத்தான். செடிகள் தொங்கிப்போயிருந்தன. இலை ஓரமெல்லாம் தீய்ந்து, மொக்குகள் கறுத்துக் கிடந்தன. இது நத்தை வேலை இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. நத்தை தின்றால் ஓட்டை இருக்கும், கோடு இருக்கும். இங்கே இலைகள் முழுசாக இருந்தபடியே செத்திருந்தன. செடியின் தூரைச் சுற்றி நத்தைகளும் சுருங்கிப்போய்க் கிடந்தன.

சாமான் அறைக்குப் போனேன். புதிதாக வாங்கிய பொட்டாஷ் மூட்டை தைத்த தையல் பிரிக்காமல் நின்றது. அதன் பக்கத்தில் கல்லுப்புச் சாக்கு, வாய் திறந்து, பாதி இறங்கிப்போயிருந்தது.

அடுப்படியில் புஷ்பம் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரிக்கு உப்பு ஏதும் எடுத்துக் குடுத்தியா புஷ்பம்?"

"ஆமாண்ணே. 'தாயி, டேலியாவுக்கு உப்பு வைக்கணும், ஒரு சட்டி நெறையக் குடு'ன்னாரு. குடுத்தேன். நத்தைக்குத்தானே?"

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குச் செடிக்கு வைக்கிற ரசாயன உரம் எல்லாமே உப்புதான். யூரியாவும் உப்பு, பொட்டாஷும் உப்பு. "பயிருக்கு உப்பு வச்சாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். புஷ்பம் வளர்ந்த வீட்டில் அதற்குப் பெயர் பசளை. உப்பு என்றால் அவருக்குக் கறிக்குப் போடுவது மட்டும்தான். அதையும் நத்தை மேல் போட்டால் நத்தை செத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பொட்டாஷ் பார்வைக்குக் கல்லுப்பு மாதிரியே இருக்கும். மழையில் விறைத்த விரலுக்கும், புரை விழுந்த கண்ணுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? மேஸ்திரி ஒவ்வொரு தூரிலும் கை நிறைய வைத்து மண் அணைத்திருக்கிறார். மீதியை மழை பார்த்துக்கொண்டது.

நான் சொல்லி முடிக்கும்போது புஷ்பத்தின் கையில் கத்தி அப்படியே நின்றது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. ஜன்னல் வழியாகப் பாத்தியைப் பார்த்தார்.

"அண்ணே, அவருகிட்ட இதச் சொல்லிராதீங்க."

"உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டாரு புஷ்பம்."

"என்னைய வையட்டும், அடிக்கட்டும். அதுக்கில்ல. அவரு கையாலயே வச்சாருல்ல? அந்தம்மா செடிக்கு அவரு கையாலயே வச்சாருல்லண்ணே? அது தெரிஞ்சா அந்த மனுசன் இருக்கமாட்டாரு. நத்தை தின்னுருச்சுன்னு நெனச்சிட்டிருக்காரு, அப்பிடியே இருக்கட்டும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் மேஸ்திரியும் நானும் பாத்தியைத் தோண்டினோம். கிழங்கையாவது காப்பாற்றலாம் என்று ஒரு நப்பாசை. மேல் மண்ணை வாரிக் கொட்டினேன், ஒவ்வொரு கிழங்கையும் ஓடையில் அலசினேன். தொட்ட இடமெல்லாம் கொழகொழத்தது. ஒன்றுகூடத் தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேஸ்திரி பாத்தி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எந்தப் பாத்தியில் கை வைத்தாலும் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வராமல் போய்விட்டது. நான் ஓடையிலிருந்து திரும்பும்போது அவர் கை வாய்க்குப் போவதைப் பார்த்தேன்.

வழக்கமாகத் துப்பிவிடுவார். அன்று துப்பவில்லை. விழுங்கினார். பிறகு தலையைத் திருப்பிச் சமையலறை ஜன்னல் பக்கம் பார்த்தார். புகை தெரிந்ததோ, புஷ்பத்தின் உருவம் தெரிந்ததோ, அவருக்குத்தான் தெரியும்.

"ஏலே லூர்து, இங்கன வா."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குரலை இறக்கிப் பேசினார்.

"கறியுப்பு. அந்தப் புள்ளைக்கு நம்ம பேச்சு வெளங்கலலே. நான் ஒரு கூறுகெட்டவன், பொட்டாசுன்னு சொல்லியிருக்கணும்."

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தேன்.

"அது காதுல இது விழுந்துரக் கூடாது. நாடு விட்டு நாடு வந்து, போன எடத்துலெல்லாம் அடுத்தவன் அடுப்ப எரிச்ச புள்ள. இதையும் அது தலையில ஏத்தி வைக்கணுமா? யார் கேட்டாலும் நத்தைதான். மதர் கேட்டாலும் நத்தைதான். என்ன?"

"சரிங்க மேஸ்திரி."

எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டினார். அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்தார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"அடேய் அம்மணப் பயலே! தின்னுட்டியாடா! ஒரு செடி மிச்சம் வைக்காம மொத்தத்தையும் தின்னுட்டியேடா! ஒனக்கு வேற எலையே கெடைக்கலையா? நாசமாப் போறவனே!"

காலடியில் உப்பில் வெந்து சுருங்கிப்போன நத்தைகள் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் திட்டினார். சமையலறை ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி திட்டினார். திட்டத் திட்டக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

இருவரிடமும் வாக்குக் கொடுத்தவன் நான். மேஸ்திரிக்குத் தெரியும் என்பது புஷ்பத்துக்குத் தெரியக் கூடாது. புஷ்பத்துக்குத் தெரியும் என்பது மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது. மதர் வந்து பாத்தியைப் பார்த்துப் பதறிக் கேட்டபோது மூன்று பேரும் ஒன்றாக "நத்தை மதர்" என்றோம். பாட்டு வகுப்பில்கூட அப்படி ஒரே சுருதியில் வந்திருக்காது.

பொய்யைச் சொல்வது சுலபம். அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். நத்தைதான் தின்றது என்றால் நத்தையை ஒழிக்க வேண்டுமே. மேஸ்திரி அந்தக் காலிப் பாத்தியில் சாக்கு விரித்தார். வெள்ளனே எழுந்து புரட்டினார். புஷ்பம் கூப்பிடாமலே சாம்பல் டின்னை எடுத்து வந்து, செடியே இல்லாத மண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். மழை பெய்து கரைந்தால் மறுபடியும் வந்தார். "வெரசாப் போடு தாயி, தூறல் வருது" என்பார் இவர். "அம்மணப் பயலுக்கு இன்னிக்கு இருக்கு" என்பார் அவர். யாராவது ஒருவர் நிறுத்தினால் மற்றவருக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று இருவருமே நிறுத்தவில்லை. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஓடிப்போய்விடலாம் போல இருக்கும்.

கல்லறைத் திருநாள் வந்தது. மதர் வேறு பூக்களை அறுத்துத் தரச் சொன்னார். மேஸ்திரி வேண்டாம் என்றுவிட்டார். மெழுகுவத்தி மட்டும் எடுத்துக்கொண்டார். புஷ்பமும் நானும் கூடப் போனோம். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் செவ்வந்தியும் ரோஜாவும் குவிந்திருந்தன. அன்னம்மாளின் கல்லறையில் வெள்ளையடித்த சிமெண்ட் மட்டும். மேஸ்திரி மெழுகுவத்தியை ஏற்றினார். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார். பிறகு குனிந்து, கல்லில் கை வைத்துச் சொன்னார்.

"இந்த வருசம் நத்தை தின்னுருச்சு அன்னம்."

பொண்டாட்டியிடமும் பொய் சொல்லிவிட்டார். பின்னால் புஷ்பம் நின்றதுதான் காரணம். புஷ்பம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்.

மேஸ்திரி கண் ஆபரேஷன் செய்துகொண்டார். நன்றாகப் பார்வை வந்தது. அந்தப் பாத்தியில் வேறு எதுவும் வைக்கவில்லை. சில வருடம் கழித்து ஒரு பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார், எழவில்லை. கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டியது புஷ்பம்தான். உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஒன் கையி உப்பு எப்பவும் சரியாத்தான் இருக்கும் தாயி" என்றாராம். புஷ்பம் இதை என்னிடம் சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போன வருடம் கல்லறைத் திருநாளன்று புஷ்பமும் நானும் மேஸ்திரியின் கல்லறையில் நின்றோம். நான் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தேன், அவருக்கும் மூட்டு வலி. பூவை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?"

இத்தனை வருடத்தில் இதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 'உனக்காகத்தான் அத்தனை வசவும்' என்று சொன்னால் ஒருவேளை சந்தோஷப்படுவாரோ என்று தோன்றியது. ஆனால் கேட்டவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுசனை ஒரு பெரிய துக்கத்திலிருந்து காப்பாற்றினோம் என்கிற ஒன்றைத்தான் அவர் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது புஷ்பம். நத்தைன்னே நம்பிட்டாரு."

"நல்லவேளை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எப்பிடித் திட்டுவாரு அந்த நத்தைய!"

தை பிறந்து புஷ்பமும் போய்விட்டார்.

இந்த வருடம் நான் மட்டும் போனேன். மேஸ்திரிக்கும் அன்னம்மாளுக்கும் புஷ்பத்துக்கும் வெள்ளைச் செவ்வந்தி வாங்கி வைத்தேன். காலையில் பெய்த தூறலில் கல்லெல்லாம் நனைந்திருந்தது. ஜெபம் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால், மேஸ்திரியின் கல்லறையில் ஒரு அம்மணக்காரன். கறுப்பாக, கொழுகொழுவென்று, கோடு போட்டுக்கொண்டு பூவின் மேல் ஏறி இதழைத் தின்ன ஆரம்பித்திருந்தது. காலமெல்லாம் பழகிய கை, தானாகவே அதைப் பிடிக்க நீண்டது.

பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் மூன்று பேருக்காகவும் எவ்வளவு பழியைச் சுமந்த சாதி. தின்னட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.